புனுகுப்பூனை முகர்ந்து சொன்ன மழை

குங்கிலியக் காட்டில் சவ்வாது என்றொரு புனுகுப்பூனை வாழ்ந்தது. உடம்பு ஒரு முழம், வால் ஒரு முழம், தன் மூக்கைப் பற்றிய கர்வம் மட்டும் ஒன்பது முழம்!

கர்வப்படக் காரணமும் இருந்தது. அது வாசனை மரங்கள் நிறைந்த காடு. குங்கிலியம், காட்டு இலவங்கம், நாரத்தை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மணம்தான். வெயில் ஏற ஏற இலையிலும் பட்டையிலும் இருந்து அந்த மணம் கிளம்பி மேலே போகும். மேலே போன மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேகம் உண்டாகும் என்பது அங்கே முயலுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த மேகம் எந்த நாளில் மழையாகும் என்று முகர்ந்தே சொல்ல சவ்வாது ஒன்றால்தான் முடியும்.

அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கோடை முழுவதும் வழுக்குப்பாறைக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. கரையில் நின்று குடித்துவிட்டுப் போய்விட வேண்டும். யானையே ஆனாலும் அப்படித்தான். கோடை முற்றியதும் எல்லாரும் குளக்கரையில் கூடுவார்கள். சவ்வாது பாறைமேல் ஏறி, கண்ணை மூடி, காற்றை மூன்று தரம் இழுக்கும்.

"மூணு நாள்ல மழை!" என்று அது சொல்ல வேண்டியதுதான். கட்டுப்பாடு அந்த நொடியே தீர்ந்தது! கரடி குளத்தில் குதிக்கும். குரங்குகள் நீரை வாரி வாரி இறைக்கும். யானைகள் சேற்றில் புரளும். மூன்றாம் நாள் மழை வந்து குளத்தை மறுபடி நிரப்பிவிடும். பல வருஷம் இது பிசகியதே இல்லை.

இந்த வருஷம் வெயில் வேறு மாதிரி அடித்தது. பங்குனி பிறப்பதற்குள் ஓடை வற்றியது. இலைகள் ஓரம் சுருண்டு தொங்கின. ஆனால் மணம்! அப்பப்பா, காடு முழுவதும் கோயிலில் சாம்பிராணி போட்டதுபோல மணந்தது. மலைகளின் மேல் மெல்லிய நீலப் புகைபோல ஒன்று படர்ந்து நின்றது.

சவ்வாதுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே கூட்டத்தைக் கூட்டிவிட்டது. பாறைமேல் ஏறியது. மூன்று தரம் இழுக்கக்கூட இல்லை, ஒரே தரம்தான்!

"ஆஹா! என் ஆயுசுல இப்படி ஒரு மணம் கிடையாது! மரங்களுக்கெல்லாம் சந்தோஷம் பொங்குது! மூணு நாள்ல மழை! அதுவும் சாதாரண மழை இல்லை, பெருமழை!"

"பெருமழை!" என்று கரடி கும்பன் இரண்டு காலில் எழுந்து கூத்தாடியது. இந்தக் கும்பனுக்கு உடம்பு பெரிசு, யோசனை சிறிசு. ஆனால் மனசு நல்ல மனசு.

"கொஞ்சம் பொறுங்க!" என்று குளத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

அது பாசிக்கண்ணி என்ற தவளை. மாசியில் தப்பித்தவறிப் பெய்த ஒரு மழையை நம்பி அது முட்டையிட்டிருந்தது. இப்போது முந்நூறு தலைப்பிரட்டைகள் குளத்தில் நெளிந்துகொண்டிருந்தன. எல்லாம் வாலும் தலையுமாக இருந்தனவே தவிர, ஒன்றுக்காவது கால் முளைத்திருக்கவில்லை. கால் முளைக்கும்வரை அவற்றுக்குத் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை.

"என் பிள்ளைகளுக்குக் கால் வர இன்னும் பதினஞ்சு நாள் வேணும். அதுவரைக்கும் குளத்தைக் கலக்காதீங்க. மழை வருமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றது பாசிக்கண்ணி.

"சந்தேகமா? என் மூக்கு மேலயா?" என்று சவ்வாது சீறியது.

"மூக்கு மேல இல்லைண்ணே. இலையைப் பாருங்க, வாடித் தொங்குது. சந்தோஷமா இருக்கிற மரம் இப்படியா இருக்கும்? எனக்கு மூக்கு சின்னதுதான், ஆனா தோல் இருக்கு. காத்துல ஈரம் இருந்தா என் தோலுக்குத் தெரியும். கரையில நிக்கிற இந்தப் பெரிய குங்கிலியத்தடியில காலையில எப்பவும் சில்லுனு இருக்கும். பத்து நாளா அதுவும் இல்லை. மணம் இருக்குண்ணே, ஈரம் இல்லை."

"தோலால மழை சொல்ற தவளையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!" என்றது சவ்வாது. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

சிரிப்பு அடங்கும் முன்பே கும்பன் தொபுக்கடீர் என்று குளத்தில் குதித்தது. அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்? மூன்று நாள் ஒரே கொண்டாட்டம். பெரியநாயகி என்ற யானை தன் கூட்டத்தோடு வந்து பீய்ச்சியடித்துக் குளித்தது. பாசிக்கண்ணி தன் பிள்ளைகளை ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்குமாக ஓட்டிக்கொண்டு அலைந்தது.

மூன்றாம் நாள் வந்தது. மழை வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. குளம் பாதியாகிவிட்டது.

சவ்வாதின் முகத்தில் ஈயாடவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கர்வம் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துக் கும்பன் முதுகு அரிக்கிறதென்று ஒரு குங்கிலிய மரத்தைப் பிறாண்டியது. பட்டை பிய்ந்தது. பிசின் வழிந்தது. குப்பென்று மணம் எழும்பியது.

சவ்வாது துள்ளிக் குதித்தது. "கண்டுபிடிச்சுட்டேன்! மழை வராததுக்குக் காரணம் மணம் போதலை! மரங்களைப் பிறாண்டுங்க, கிளையை ஒடிங்க, இலையைக் கசக்குங்க! மணத்தைக் கூட்டுங்க, மழை தன்னால வரும்!"

கேட்க வேண்டுமா! கரடி கிழித்தது. குரங்குகள் ஒடித்தன. யானைகள் பட்டையை உரித்தன. காடே வெட்டிப்போட்ட இலைக்கட்டுப்போல மணந்தது. நீலப்புகை இன்னும் தடித்தது. கீழே மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும் லாரிகளின் புகையும் அதோடு போய்க் கலந்துகொண்டது. கலந்த புகையில் வெயில் பட்டதும் காற்றே காரமாகிவிட்டது. குரங்குகளுக்குக் கண் எரிந்தது. கும்பன் இருமிக்கொண்டே கிழித்தது. மரங்களின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன.

மறுநாள் வானத்தில் மேகம் கூடியது!

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று சவ்வாது பாறைக்குப் பாறை தாவியது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் வெள்ளை வெளேரென்று நின்றது. மத்தியானம் வரை நின்றது. சாயங்காலம் ஒரு சொட்டுக்கூட விடாமல் கலைந்து போனது. அடுத்த நாளும் அதே கதை.

குளம் இப்போது ஒரு பெரிய குட்டை, அவ்வளவுதான். பாசிக்கண்ணி குங்கிலிய உச்சியில் உட்கார்ந்திருந்த இருவாச்சிப் பறவையைக் கூப்பிட்டது.

"அண்ணே, நீங்க ஒரு எட்டு மேகத்துக்குள்ள போய்ப் பார்த்துட்டு வர முடியுமா? மேகம் வருது, மழை ஏன் வரலைன்னு தெரிஞ்சா போதும்."

இருவாச்சி பெரிய சிறகை ஓசைப்பட அடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கரையில் இறங்கியது.

"அது மேகம் இல்லை தங்கச்சி, மாவு! போன வருஷம் மேகத்துக்குள்ள போயிட்டு வந்தா என் சிறகு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். இப்போ பாரு, தொட்டா பிசுபிசுப்புதான். மேலே போன மணமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகளாகிக் கோடி கோடியா மிதக்குது. ஒவ்வொரு துகளும் ஈரத்துல ஒரு துளியைப் பிடிச்சு வெச்சிருக்கு. அத்தனையும் பொடித்துளி. ஒண்ணாவது கீழே விழற அளவுக்குக் கனமா இல்லை."

பாசிக்கண்ணி யோசித்தது. "அப்போ ஒரு சட்டிக் கஞ்சிக்கு ஆயிரம் பேர் பந்தியில உட்கார்ந்த மாதிரி. ஆளுக்கு ஒரு சொட்டு. யாருக்கும் வயிறு நிறையலை!"

"அதேதான்!"

"கஞ்சியும் குறைஞ்சு போச்சு அண்ணே. மரம் வேரால குடிச்சு இலையால விடற ஈரம்தானே மேலே போகும்? மரத்துக்கே தாகம். இலை வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்கு. நாம என்னடான்னா கஞ்சியைக் கூட்டாம, பந்திக்கு ஆளை மட்டும் கூட்டிக்கிட்டே இருக்கோம்!"

பாசிக்கண்ணி தத்தித் தத்தி வழுக்குப்பாறைக்குப் போனது. கூட்டம் அங்கேதான் இருந்தது. அது விஷயத்தைச் சொன்னது. சிலர் தலையைச் சொறிந்தார்கள். பெரியநாயகிகூட, "தவளை சொல்றதுல ஏதோ இருக்கும்போல" என்றது.

சவ்வாதுக்கு அது பொறுக்கவில்லை. "மணத்தைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றதுக்கு ஒரு தவளையா? புனுகு எங்கிருந்து வருது? என்கிட்ட இருந்து! மணம்னா என்னன்னு இந்தக் காட்டுல என்னைவிட யாருக்குத் தெரியும்? மணம்னா சந்தோஷம்! இத்தனை நாள் சின்ன மரமாப் பார்த்துக் கிழிச்சதுதான் தப்பு. இன்னைக்குக் கரை மேல நிக்குதே, அந்தப் பெரிய குங்கிலியம், அதைக் கிழிப்போம். அது ஒண்ணு விடற மணம் போதும்!"

மிச்சமிருந்த தண்ணீர் அந்தப் பெரிய மரத்தின் நிழலில்தான் கிடந்தது. நிழல் போனால் ஒரே நாளில் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் முந்நூறும் போகும்.

"வேண்டாம்ணே! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்! என் பிள்ளைகளுக்குப் பின்னங்கால் இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு!"

"தள்ளு, தள்ளு! கும்பா, ஏறு! பெரியநாயகி, நீ கீழ்ப்பட்டையை உரி!"

சவ்வாது மரத்தடியில் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி வேலை வாங்கியது. கும்பன் மேலே ஏறி ஒரு கிளையில் தொங்கியது. காய்ந்த கிளை அந்தக் கனத்தைத் தாங்குமா? மடமடவென்று முறிந்து, கரடியும் கிளையுமாகக் கீழே வந்தது. சத்தம் கேட்டு மிரண்ட பெரியநாயகி நாலு எட்டு பின்னால் வைத்தது. ஒரு பக்கம் கிளை, ஒரு பக்கம் யானையின் பின்னங்கால், நடுவில் சவ்வாது! யானையின் பாதம் அதன் மீசை மயிரை உரசிக்கொண்டு தரையில் ஊன்றியது.

தூசு அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கும்பன் மட்டும் புட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு மணம் எழுந்தது பாருங்கள்! குங்கிலியத்தையும் இலவங்கத்தையும் தூக்கிச் சாப்பிடும் மணம். சுத்தமான புனுகு!

"ஆஹா! ஆஹாஹா!" என்று கும்பன் வலியை மறந்து மூக்கை நீட்டியது. "அண்ணே, உங்க மணம்தானே இது? இதுவரைக்கும் நீங்க இப்படி மணந்ததே இல்லையே! இன்னைக்கு உங்களுக்கு என்ன அப்படி ஒரு சந்தோஷம்?"

"சந்தோஷமா!" என்று சவ்வாது கீச்சிட்டது. "உயிர் போகத் தெரிஞ்சுதுடா மடையா! பயத்துல… பயத்துல எனக்குத் தன்னால வந்துடுது. அடக்க முடியலை…"

சொல்லிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது.

பாசிக்கண்ணி தன் பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

சவ்வாது மெல்ல எழுந்தது. பெரிய குங்கிலியத்தின் அருகே போனது. பட்டை உரிந்த இடத்தில் பிசின் கண்ணீர்போல வழிந்துகொண்டிருந்தது. அதில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மூன்று தரம் முகர்ந்தது. இந்தத் தரம் கர்வத்தோடு அல்ல.

"தாகம்" என்றது சவ்வாது. "இது தாகத்துல வர்ற மணம். பயத்துல வர்ற மணம். காட்டுல ஒரு மரம் பாக்கி இல்லாம கத்தியிருக்கு. நான் அதை நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு நின்னிருக்கேன்."

தன் வாயாலேயே அது அதைச் சொன்னதே, அங்கேதான் எனக்கு சவ்வாதின் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

"இப்போ என்ன செய்யறது?" என்று கும்பன் கேட்டது.

"முதல்ல மரத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றது பாசிக்கண்ணி. "அப்புறம் யானை அக்கா, நடுக்குளத்துல ஒரு பள்ளம் தோண்டித் தருவீங்களா?"

பெரியநாயகி கீழே கிடந்த பட்டைகளைப் பார்த்தது. அதில் பாதி அது உரித்தது. குளத்தில் இறங்கி, முன்னங்காலால் சேற்றைக் கிண்டியது. இடுப்பளவு தோண்டியதும் அடியில் ஊற்று கசிந்தது. மிச்சமிருந்த தண்ணீரும் தலைப்பிரட்டைகளும் அந்தப் பள்ளத்துக்குள் வழிந்து சேர்ந்தன. குரங்குகள் ஒடித்துப்போட்ட கிளைகளுக்குக் காட்டில் பஞ்சமா? அவற்றையே இழுத்து வந்து பள்ளத்துக்கு மேலே பந்தல் போட்டன. கும்பன் உதிர்ந்த சருகையெல்லாம் வாரி மரங்களின் வேரடியில் மெத்தையாகப் போட்டது, இருக்கிற ஈரமாவது மண்ணோடு இருக்கட்டும் என்று. பழைய கட்டுப்பாடும் திரும்பி வந்தது. எல்லாரும் கரையோடு நின்று குடித்தார்கள். பகல் வெயில் தாங்காத சவ்வாதுகூட, பள்ளத்தின் ஓரத்திலேயே நின்று காவல் காத்தது.

நாலைந்து நாளில் காரம் குறைந்தது. கும்பனின் இருமல் நின்றது. நீலப்புகை இளைத்து, எதிர் மலை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

இவர்கள் திருந்தியதால் உடனே மழை கொட்டியது என்று சொன்னால் நான் பெரிய பொய்யன். அப்படியெல்லாம் வானம் யாருக்கும் கைகட்டிச் சேவகம் செய்யாது. பன்னிரண்டாம் நாள் காற்று கடல் பக்கமாகத் திரும்பியது. அது ஈரத்தைச் சுமந்து மலையேறி வந்தது. மேலே துகள்கள் முன்போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவில்லை, பந்தியில் அளவான ஆட்கள்தான் இருந்தார்கள். துளிகள் வயிறு நிறையக் குடித்துக் கனத்தன.

இருவாச்சி அன்று மத்தியானம் குங்கிலிய உச்சியில் வந்து இறங்கியது. சிறகை உதறியது. கீழே அண்ணாந்து நின்ற சவ்வாதின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. நல்ல கனமான சொட்டு!

"இது மழையா, உங்க சிறகுத் தண்ணியா?" என்று சவ்வாது கேட்டது.

இருவாச்சி பதில் சொல்வதற்குள் வானம் பதில் சொல்லிவிட்டது.

மழை பெய்து ஓய்ந்த காலையில் பாசிக்கண்ணி தன் பிள்ளைகளை எண்ணியது. முந்நூறில் நூற்றுப்பத்து மிஞ்சியிருந்தன. மிஞ்சியவை குட்டிக் குட்டிக் கால்களோடு ஈரப் பாறைமேல் தத்தின. மிஞ்சாதவற்றை நினைத்துப் பாசிக்கண்ணி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. சவ்வாது பக்கத்தில் வந்து நின்றது.

"என்னாலதான்" என்றது.

"ஆமாம்ணே" என்றது பாசிக்கண்ணி. இல்லை என்று சொல்ல அதற்கு மனசு வரவில்லை.

சவ்வாது தலையைக் குனிந்துகொண்டது. அப்போது சூட்டிகையான ஒரு குஞ்சு தவறுதலாக அதன் முதுகின்மேல் தாவி ஏறியது. சவ்வாது அசையவே இல்லை. குஞ்சு தானாக இறங்கிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அடுத்த கோடையிலும் எல்லாரும் வழுக்குப்பாறையில் கூடினார்கள். காட்டில் மணம் தூக்கலாகத்தான் இருந்தது.

"சொல்லுங்கண்ணே, எப்போ மழை?" என்று கும்பன் பரபரத்தது. ஒரு காலை ஏற்கெனவே குளத்தின் பக்கம் தூக்கி வைத்திருந்தது.

"காலை எடு!" என்றது சவ்வாது. மூன்று தரம் காற்றை இழுத்தது. பிறகு பாறையை விட்டு இறங்கி, பெரிய குங்கிலியத்தின் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தது. வேரடி மண்ணைக் கிளறிப் பார்த்தது. கடைசியாகக் குளத்தின் பக்கம் திரும்பியது.

"மணம் வருது. ஆனா அது ஏன் வருதுன்னு இன்னும் தெரியலை. பாசிக்கண்ணி, உன் தோல் என்ன சொல்லுது?"

ஒருவரிடமிருந்து நமக்கு நல்லது வருகிறதென்று மகிழ்வதற்கு முன்னால், அது அவருடைய நிறைவிலிருந்து வருகிறதா அவதியிலிருந்து வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.